ஸ்டெப்னி ஆடிய ஒரே ஆட்டம்

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டெப்னி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற சக்கரங்கள் எல்லாம் ஊரைச் சுற்றும். அது மட்டும் பின்னால் தொங்கிக்கொண்டு தூசி தின்னும். துறைமுகக் கிளப்பின் இரண்டாவது கோல்கீப்பருக்கு அந்தப் பெயரை முதலில் யார் வைத்தார்களோ தெரியாது. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. கிளப்பின் சமையல்காரன்கூட, "ஸ்டெப்னி, தட்டை எடுத்துட்டு வா" என்பான். வாழ்நாளில் அவரை யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை. இங்கே நாமாவது சொல்லிவிட்டுப் போவோம். நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் கோல்கீப்பரின் பட்டப்பெயர் பூட்டு. பந்து அவன் கையில் விழுந்ததும் ரேடியோ வர்ணனையாளர், "பூட்டு விழுந்தாச்சு" என்பார். கடைத்தெருவில் கைதட்டல் கேட்கும். நல்ல உயரம், அகன்ற மார்பு, பெண்கள் திரும்பிப் பார்க்கும் முகம். ஸ்டெப்னியைவிட இளையவன்தான். ஆனாலும் ஸ்டெப்னி அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும். சேர்ந்த வாரமே கோச் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அந்தப் போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்ற முடியாது. கோல்கீப்பருக்குப் பலத்த அடிபட்டு எழ முடியாமல் போனால் மட்டும் இன்னொருவர் இறங்கலாம். ஆக, பூட்டின் எலும்பு முறிந்தால்தான் ஸ்டெப்னிக்கு வாழ்வு. முதல் வருஷம் அப்படி நினைத்ததற்காக ஸ்டெப்னி வெட்கப்பட்டார். அப்புறம் வெட்கப்படுவதை விட்டுவிட்டார். பூட்டுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

ஆட்டம்தான் கிடையாதே தவிர, அடி நிறையக் கிடைத்தது. பூட்டின் கைகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று, பயிற்சியில் கோலுக்கு நடுவே நிறுத்தப்பட்டவர் ஸ்டெப்னிதான். முன்வரிசைக்காரர்கள் பெனால்ட்டிக் கோட்டிலிருந்து மாறி மாறி அடிப்பார்கள். மழையில் நனைந்த தோல்பந்து செங்கல் மாதிரி வரும். ஒவ்வொரு விரலாக உடைந்தது. கிளப் டாக்டரிடம் போய் நின்றால், அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ எங்கடா ஆடப் போறே? துணியைச் சுத்திக்கோ, போதும்" என்பார். துணி சுற்றிய விரல்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு கூடின.

பூட்டுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கிளப் முன்னணியில் இருக்கும்போது, ஆட்டம் கொஞ்சம் மந்தமானால், பந்தைப் பிடித்துவிட்டு அப்படியே விழுவான். முழங்காலைக் கட்டிக்கொண்டு புரள்வான். ஓரத்தில் பெஞ்சில் இருக்கும் ஸ்டெப்னி அவசர அவசரமாகச் சட்டையைக் கழற்றி, பூட்ஸ் கயிற்றை இறுக்கி, கோட்டருகே வந்து குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றுவார். அரங்கமே "ஸ்டெப்னி, ஸ்டெப்னி" என்று தாளம் போடும். அவர் ஒரு காலைக் கோட்டுக்குள் வைக்கும் நேரம் பார்த்துப் பூட்டு துள்ளி எழுந்து, கூட்டத்துக்குச் சலாம் வைப்பான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும். வருஷக்கணக்காக அந்த விளையாட்டு யாருக்கும் அலுக்கவில்லை. கோச்சும் சிரிப்பார். ஸ்டெப்னியும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்காருவார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம்.

அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தாள். ஆட்டக்காரர்களின் மனைவிமார் உட்கார அரங்கத்தில் தனி வரிசை உண்டு. ஸ்டெப்னி என்ற சொல்லுக்கு வைப்பாட்டி என்று இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே, அதை வைத்து அங்கே ஒருத்தி அவளை "ஸ்டெப்னி பொண்டாட்டி வந்தாச்சு" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவள் சும்மா விடுகிறவள் இல்லை. "ஸ்டெப்னி வண்டியை விட்டு எங்கேயும் போகாதும்மா. உங்க வீட்டுச் சக்கரம் இப்ப எந்த வாசல்ல நிக்குதுன்னு விசாரிச்சீங்களா?" என்றாள். ஆனால் அன்றைக்கும் பூட்டு விழுந்தான், அன்றைக்கும் ஸ்டெப்னி ஓடினார், அவள் மடியில் இருந்த மகள் அப்பாவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு போடவில்லை. சட்டியை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவன் விழுந்தா நீங்க ஏன் எழுந்திருக்கணும்? அடுத்த தடவை கால் மேல கால் போட்டு உட்காருங்க. அவனே எழுந்து போகட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காக உட்காருங்க."

அவர் சரியென்று தலையாட்டினார்.

அந்த அடுத்த தடவை கோப்பை இறுதிப் போட்டியில் வந்தது. எதிரணி ரயில்வே. முதல் பாதி முடியும் முன்பே துறைமுகம் ஒரு கோல் போட்டுவிட்டது. அப்புறம் ரயில்வேக்கு ஒரு கார்னர். உயரமாக வந்த பந்தைப் பூட்டு எகிறிப் பிடித்தான். கீழே வருகையில் இரண்டு மூன்று உடம்புகள் இடித்தன, அவன் முதுகு கோல் கம்பத்தில் போய் மோதியது. விழுந்தான். ஒரு கை புல்லைப் பிடித்துப் பிடித்து இழுத்தது.

அரங்கம் குதூகலமானது. இறுதிப் போட்டியில்கூட விளையாட்டை விடமாட்டேன் என்கிறானே என்று ஜனங்களுக்குப் பெருமை. தாளம் ஆரம்பித்தது. ஸ்டெப்னியின் கை பழக்கத்தில் சட்டைப் பொத்தானுக்குப் போனது. அதை அங்கேயே நிறுத்தினார். கால் மேல் கால் போட்டார். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து மனைவி இருக்கும் வரிசையைப் பார்த்தார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவ்வளவு வருஷத்தில் அந்தப் பெஞ்சில் அவர் மனசாரச் சிரித்தது அன்றைக்குத்தான். கீழே உட்கார்ந்திருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். படத்தில் வலப்பக்கம் பூட்டு புல்லில் கிடக்கிறான், இடது ஓரத்தில் ஸ்டெப்னி பல் தெரியச் சிரிக்கிறார்.

இடது பின்வரிசைக்காரர் குனிந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் பக்கத்து வரிசைகளில் சத்தம் நின்றது, பிறகு அதற்கடுத்த வரிசைகளில். கோச் வந்து ஸ்டெப்னியின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"எந்திரிடா நாயே. அங்க உசிரு போகுது, பல்லைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கே."

பூட்டை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஸ்டெப்னி இறங்கினார்.

அவர் எப்படி ஆடினார் என்று கேட்டால், அப்படி ஓர் ஆட்டத்தை அந்த மைதானம் அதற்கு முன் பார்த்ததில்லை. கோணல் விரல்களில் பந்து வந்து ஒட்டிக்கொண்டது. வருஷக்கணக்காகப் பயிற்சியில் தின்ற அடியெல்லாம் அன்றைக்குக் கண்ணாகவும் காலாகவும் வேலை செய்தது. எவன் எந்தத் தோளைச் சாய்த்தால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று உடம்புக்கே தெரிந்தது. கடைசியில் ரயில்வேக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. வலது மூலை, தரையோடு தரையாக வந்தது. பாய்ந்து விரல்நுனியால் வெளியே தள்ளினார். எழுந்தபோது மைதானம் மயானம் மாதிரி இருந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருந்தவர்களிடம், ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகம் கோப்பையை ஜெயித்தது. கேப்டன் அதைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். உடை மாற்றும் அறையில் ஸ்டெப்னி பூட்ஸைக் கழற்றியபோது பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் புகைப்படம் முதல் பக்கத்தில் வந்தது. பூட்டுக்கு உயிர் தங்கியது, கால்கள் தங்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அடுத்த பருவத்துக்குக் கிளப் புதுசாக ஒரு கோல்கீப்பரை வாங்கியது. ஸ்டெப்னியை வேண்டாம் என்றார்கள். மற்ற கிளப்புகளும் கதவைத் திறக்கவில்லை. கூட இருந்தவன் முதுகு ஒடிந்து கிடக்கையில் சிரித்தவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

ஐஸ் தொழிற்சாலையில் பாளம் இழுக்கும் வேலை கிடைத்தது. கொக்கியைப் போட்டு ஐஸ் பாளத்தை வழுக்குப் பலகையில் தள்ளிவிட வேண்டும். கோணல் விரல்களில் குளிர் ஏறினால் கொக்கி நழுவும். நழுவினால் மேஸ்திரி, "புடிச்சிட்டாருப்பா கோலு" என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு நடந்ததை என்ன சொல்ல? அவள் நடந்து வரும்போது பிள்ளைகள் பொத்தென்று அவள் எதிரே விழுந்து கிடப்பார்கள். "சிரிடி, உங்கப்பன் மாதிரி சிரி" என்பார்கள். அவள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். வளர்ந்து, வெளியூரில் தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அங்கே சொல்லிவைத்தாள்.

மனைவி அந்த இறுதிப் போட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'நான்தான் உட்காரச் சொன்னேன்' என்று ஒருநாளாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. 'நீதானே சொன்னாய்' என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்தச் சொல்லைச் சுற்றி, எண்ணெய் சிந்திய தரையில் நடப்பது போல நடந்து நடந்தே கிழடானார்கள்.

ஐஸ் தொழிற்சாலையை மூடிய வருஷம் கிளப் செயலாளர் ஆள் அனுப்பினார். பூட்டுக்குக் கிளப் பழைய குடியிருப்பில் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்து, பார்த்துக்கொள்ள ஆளும் வைத்திருந்தது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டாள். வேலைக்கு வந்தவர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. தட்டை எறிவான், கெட்ட வார்த்தை பேசுவான். இப்போது அவனே ஒரு ஆளைக் கேட்டிருக்கிறானாம்.

"அந்த ஸ்டெப்னியைக் கூப்பிடுங்க, அவனுக்குத்தான் காத்துக்கிடந்து பழக்கம்னு சொல்றாரு. வர்றியா?" என்று கேட்டார் செயலாளர்.

மனைவி கூடாதென்றாள். "அவன் மூத்திரம் அள்ளவா போறீங்க? உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்றாள். அவர் போனார். வேறு வேலை கிடைக்கவில்லை என்பது உண்மை. அவனை அந்த நிலையில் தினமும் பார்க்கலாம் என்பதும் உண்மை.

காலையில் போனதும் பூட்டைப் புரட்டி, படுக்கைப் புண் இருக்கிறதா என்று முதுகைப் பார்ப்பார். பவுடர் போட்டு, துடைத்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பார். பூட்டு தடித்திருந்தான். முகம் மட்டும் பழைய அழகின் மிச்சத்தோடு இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, "இவன்தான் அன்னிக்குச் சிரிச்சவன்" என்று அறிமுகம் செய்வான். டீ கேட்பான், கொண்டுவந்தால் குடிக்காமல் ஆறவிட்டு, சூடாக இல்லை என்று தரையில் ஊற்றுவான். ஸ்டெப்னி துடைப்பார். ஸ்டெப்னியும் லேசுப்பட்டவர் இல்லை. மழுங்கிய பிளேடால் அவனுக்குச் சவரம் செய்வார். கடைக்குப் போகும்போது நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, திரும்பி வர அவசரமே படமாட்டார். இருவருமே வாய்விட்டு ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. குடித்தனம் மாதிரி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிளப்புக்கு நூறு வயசாகப் போகிறது என்று மலர் போட ஏற்பாடு செய்தார்கள். அதை எழுத ஒரு பத்திரிகைக்காரர் ஒலிப்பதிவுக் கருவியோடு பூட்டின் அறைக்கு வந்தார். தன்மையான இளைஞர். பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, இந்த மலரில் ஊர் மறந்துபோனவர்களைத்தான் எழுதப்போகிறேன், அவர்களோடு ஆடிய நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அடுப்பருகே டீ போட்டுக்கொண்டிருந்த ஸ்டெப்னிக்கு அது காதில் விழுந்தது. ஆணியில் மாட்டியிருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையைக் கையால் படிய வாரிக்கொண்டார்.

பூட்டு உற்சாகமாகிவிட்டான். ஒட்டகம் என்று ஒருவர் இருந்தாராம், எல்லாரையும்விட ஒரு தலை உயரம், கடைசியில் சந்து வீட்டில் குடித்துக் குடித்துச் செத்தார், சவப்பெட்டி பத்தாமல் காலை மடக்கி வைத்தார்களாம். டாக்டர் என்று ஒருவர், இடது பின்வரிசை. அவர் தொட்டவன் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவான், அதனால் அந்தப் பெயர். இப்போது கண் தெரியாமல் மகள் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். சைக்கிள் என்ற வலது ஓரக்காரர், மனைவிக்குப் பயந்து ஆட்டம் முடிந்ததும் குளிக்காமலே ஓடுவார். ஒவ்வொருவரையும் உரித்து உரித்துப் போட்டான். பத்திரிகைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டெப்னி டீத் தட்டோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு அடிபட்ட அந்த ஃபைனல்ல, அப்புறம் கோலுக்கு நின்னது யாரு? பெனால்ட்டிகூடத் தடுத்ததா பழைய பேப்பர்ல படிச்சேன், பேர் போடல" என்று கேட்டார் பத்திரிகைக்காரர்.

பூட்டு மேலே விட்டத்தைப் பார்த்தான். ஸ்டெப்னியின் பக்கம் கண்ணைக் கொண்டுவரவே இல்லை.

"ஞாபகம் இல்லையே தம்பி. யாரோ ஒரு பையன். வந்தான், போயிட்டான்."

ஸ்டெப்னி தட்டை நீட்டினார். பத்திரிகைக்காரர் நிமிராமலே ஒரு கோப்பையை எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா என்று கேட்டார். ஸ்டெப்னி போய் சர்க்கரை கொண்டுவந்தார்.

வந்தவர் போனதும் பூட்டைக் குளிக்கவைக்கும் நேரம். வழக்கம்போலத் தூக்கிப் போய், குளியலறை முக்காலியில் வைத்து, உடுப்பைக் கழற்றி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். சோப்பை எடுக்கப் போவது போல வெளியே வந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலருகே விட்டார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மனைவி ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, வேலை முடிந்தது என்றார். நன்றாகச் சாப்பிட்டார். தூங்கவும் செய்தார். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்குப் பயம் வந்தது, தூக்கம் அவ்வளவு எளிதாக வந்ததை நினைத்து.

காலையில் போகும்போது, கூட்டிப் பெருக்கும் அம்மா வாசலில் நின்று அலறிக்கொண்டிருந்தாள். பூட்டு முக்காலியிலிருந்து விழுந்து, கைகளாலேயே இழுத்து இழுத்துக் குளியலறை வாசற்படிவரை வந்திருந்தான். படியைத் தாண்ட முடியவில்லை. உதடு நீலமாகி இருந்தது. ஸ்டெப்னிதான் தூக்கினார். ஆம்புலன்ஸிலும் அவர்தான் கூடப் போனார்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ராத்திரி முழுக்க எப்படிக் குளியலறையில் விட்டார்கள் என்று செயலாளர் கோபமாகக் கேட்டார். ஸ்டெப்னி சுவரோடு சுவராக நின்றார். பூட்டு கட்டிலிலிருந்து, நான்தான் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னேன், நானே சமாளிச்சிக்கலாம்னு நினைச்சேன் என்றான். செயலாளர் நம்பிவிட்டார். ஸ்டெப்னிக்கு ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் இளகியது. எல்லோரும் போனபின் கட்டிலருகே போய், "அண்ணே" என்றார்.

பூட்டு மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான்.

"உன்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சிக்காதே. உன்னால எனக்கு இப்படி ஆச்சுன்னு நாலு பேர் பேசினா, உனக்கும் ஒரு பேர் கிடைச்சிடும். அது வேணாம்." இருமிவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கு ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் ரேடியோ வச்சிருந்தான். முழுசாக் கேட்டேன். வலது மூலை, தரையோட வந்துச்சு. நானா இருந்தா அது கோல். தெரியுமா? நான் புடிச்சிருக்க மாட்டேன்."

"அந்தத் தம்பி கேட்டப்போ சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லியிருக்கலாம்," என்றான் பூட்டு. "மனசு வரல."

இரண்டு நாளில் போய்விட்டான். இறுதி ஊர்வலத்தில் கூட்டம் அலைமோதியது. ஸ்டெப்னி பின்னால் நடந்து வந்தார், பாதி வழியில் கால் வலிக்கிறது என்று நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் ஒரு விடுமுறைக்கு அவர் மட்டும் மகள் வீட்டுக்குப் போனார். மருமகன் மரியாதையான மனிதன். கால்பந்துப் பைத்தியமும்கூட. பளபளவென்று ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மாமனாரிடம் நீட்டினான். நூற்றாண்டு மலர்.

"மாமா, நீங்க துறைமுகத்துல இருந்தவர்தானே. இவங்கள்ல யாரையாவது பார்த்திருக்கீங்களா?"

அவர் புரட்டினார். ஒட்டகம் இருந்தார், டாக்டர் இருந்தார், சைக்கிள்கூட இருந்தார். இறுதிப் போட்டிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, அந்தப் பழைய புகைப்படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அடியில், 'படுகாயமுற்ற நிலையில் பூட்டு. இடது ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர்' என்றிருந்தது. மகள் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் கண் அப்பாவின் மேலேயே இருந்தது.

"அந்தாளு விழுந்து கிடக்கிறாரு, இவன் எப்படிச் சிரிக்கிறான் பாருங்க மாமா. மனுஷனா இவன்? யாரு இவன்?" என்றான் மருமகன்.

"தெரியல மாப்பிள்ளை. ரிசர்வ்ல இருந்தவன் போல." அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. "ஆனா அன்னிக்கு அவன் நல்லா ஆடினான்னு சொல்லுவாங்க."

"யாரு சொன்னா? புத்தகத்துல ஒண்ணும் இல்லையே."

அவர் புத்தகத்தை மூடி அவனிடம் நீட்டினார்.

"அப்பா, சாப்பிட வாங்க. ஆறிப்போகுது" என்றாள் மகள்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். மகள் அவர் தட்டில் வழக்கத்தைவிட நிறையப் போட்டாள், அடுத்த தடவை வரும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள் என்றும் சொன்னாள். ஊருக்குத் திரும்பியதும் மனைவி, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள், வீடு பெரிசு, மாப்பிள்ளை தங்கமான மனுஷன் என்றார். புத்தகத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அடுத்த மாதம், ஒரு பல் டாக்டரின் வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். அந்த அம்மாள் நாளெல்லாம் அவரை வைதாள். நன்றாகத் தூக்குகிறார், வலிக்காமல் புரட்டுகிறார் என்று வீட்டுக்காரர்கள் அவரை விடவே இல்லை.